நாற்றுமுடியும் தலைமுடியும்: பன்மொழி அகராதியில் ஒரு பதிவு எப்படி உருவாகிறது?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சில வருஷமாக மேற்கு வங்கத்துப் பையன்கள் எங்கள் ஊருக்கு நடவுக்கு வருகிறார்கள். தமிழ் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். தமிழ், வங்காளம், இந்தி, ஆங்கிலம் நான்கிலும் வயல் சொற்களைப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தால் போதுமா?"

போதாது. போன சம்பா நடவில் நான் வரப்பில் நின்றபோது, "அந்த முடிய எடுத்துப் போடு தம்பி" என்றார் நிலத்துக்கார அம்மா. பையன் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். கைபேசியில் அவன் படித்த முடி அதுதான். காலடியில் கிடந்த நாற்றுக் கட்டோ அவனுக்குச் சின்ன வயதுப் பழக்கம். இங்கே அதற்கு முடி என்று பெயர் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

கலைச்சொல் அகராதி செய்பவர்கள் இதனால்தான் சொல்லை விட்டுவிட்டுப் பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு பொருள், ஒரு எண், ஒரு பதிவு. இம்முறையை 1930களில் முறைப்படுத்திய ஆஸ்திரியப் பொறியாளர் ஆய்கன் வூஸ்டர், 1968இல் இயந்திரக் கருவிகளுக்கு இப்படியே ஓர் அகராதி வெளியிட்டார். நம் பழைய சொல்தொகுப்பு நூலான திவாகர நிகண்டும் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள்வாரியாக அடுக்கப்பட்டதே.

இந்த முறையின் அழகு எனக்குப் புரிந்தது அரிசியில்தான். நமக்கு நெல், அரிசி, சோறு என மூன்று சொல். வங்காளிக்கும் மூன்று: தான், சால், பாத். அச்சாகப் பொருந்துகின்றன. ஆனால் நடுவில் ஆங்கிலத்தை வைத்தால் மூன்றும் 'ரைஸ்' என்ற ஒரே சந்துக்குள் நுழைந்து, மறுபக்கம் எது எதுவென்று தெரியாமல் வெளிவருகின்றன. நெல்லுக்கு ஆங்கிலத்தில் 'பேடி' என்ற தனிச்சொல் உண்டு, மலாய் மொழியிலிருந்து போனது. ஆனால் அதுவே வயலையும் குறிக்கும். இந்தியிலோ 'சாவல்' என்றால் அரிசியும் ஆகும், சோறும் ஆகும்.

நடுவில் எண்ணை வையுங்கள். 1: உமி நீக்காத மணி. 2: உமி நீக்கியது, சமைக்காதது. 3: சமைத்தது. ஒவ்வொரு மொழியும் தன் சொல்லைத் தனக்குரிய எண்ணில் கொண்டுவந்து மாட்டும். 'சாவல்' 2இலும் 3இலும் தொங்கும், பக்கத்தில் 'பகுதிப் பொருத்தம்' என்ற குறிப்போடு. எதுவும் தொலையாது. சொல்லுக்குச் சொல் என்று போனால் 4 மொழிக்கு 6 ஜோடிப் பட்டியல், 6 மொழியானால் 15. எண் முறையில் புது மொழி வந்தால் ஒரு வரிசை கூடும், அவ்வளவுதான்.

அப்புறம், கற்பவருக்குப் பெயர்ச்சொல் மட்டும் தந்து பயனில்லை, அதோடு ஒட்டி வரும் வினையும் வேண்டும். நெல்லை அவிக்கிறோம், அரிசியைக் களைகிறோம், சோற்றை வடிக்கிறோம். நாற்றைப் பறிக்கிறோம், கதிரை அறுக்கிறோம். அரிசி களைவது வேறு, வயலில் களை எடுப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு.

உச்சரிப்பை எழுத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். வங்காள 'சால்' என்று நான் எழுதினால் நம் ஊரில் உழவுச்சால் என்றுதான் படிப்பார்கள்; வங்காளி வாயில் அந்த முதல் ஒலி 'பச்சை'யில் வரும் 'ச்ச' போல இருக்கும். ஒலிப்பதிவு கட்டாயம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. அகராதி வேலை அவ்வளவு காலம் கேட்கும். அச்சுக்கும் வெளியீட்டு விழாவுக்கும் கிடைக்கும் பணம், வரப்பில் உட்கார்ந்து சொல் கேட்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தூர் கட்டுவது, தொண்டைக்கதிர், பால் பிடிப்பது என்று பயிரின் பருவத்துக்குப் பருவம் பெயர் தெரிந்த பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

சரி, முதல் பதிவாக நாற்றுமுடியையே வையுங்கள்: ஒரு படம், ஒரு வரி விளக்கம், நான்கு மொழிப் பெயர்கள், 'முடி எடுத்துப் போடு' என்ற எடுத்துக்காட்டு, 'தலைமுடிக்கு வேறு பதிவு பார்க்க' என்ற குறிப்பு. வங்காளப் பெயரை அந்தப் பையனிடமே கேட்டு எழுதுங்கள்.