டெம்ப்ளேட்: வார்ப்புரு

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை நகரங்களின் டைப்பிங் கடைகளில் நாள் முழுவதும் புழங்கும் சொல் 'டெம்ப்ளேட்'. ஊழியர் சேமலாப நிதி விண்ணப்பமோ சத்தியக் கடதாசியோ, எது கேட்டாலும் "டெம்ப்ளேட் இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும்" என்பார்கள். இதற்குரிய தமிழ்ச் சொல் வார்ப்புரு.

ஆங்கிலச் சொல் தறியிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது. நெய்யும் துணி சுருங்காமல் ஒரே அகலத்தில் நிற்க இழுத்துப் பிடிக்கும் கருவியின் பெயர் 'டெம்பிள்'. அதிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'டெம்ப்லெட்' வந்தது. 19ஆம் நூற்றாண்டில் 'பிளேட்' என்ற சொல்லின் சாயல் ஏறி இன்றைய வடிவம் பெற்றது.

தமிழில் வார்த்தல் என்றால் ஊற்றுதல். வெண்கலம் வார்க்கிறோம், தோசை வார்க்கிறோம். உரு என்பது வடிவம். வார்ப்புரு, வார்த்தெடுத்த பொருளைத்தானே குறிக்கும் என்று கேட்கலாம். வார்ப்பதற்கான உரு என்றும் விரித்துப் பொருள்கொள்ளலாம். தமிழ் விக்கிப்பீடியாவும் டெம்ப்ளேட்டுக்கு இச்சொல்லையே ஆள்கிறது. 'அச்சு' என்றால் அச்சகம் நினைவுக்கு வந்துவிடும். 'மாதிரிப் படிவம்' என்பதை நான் ஏற்கமாட்டேன். மாதிரி என்பது ஏற்கெனவே நிரப்பியதாகவும் இருக்கலாம். கடைகளில் நடக்கும் தவறும் அதுதான்: நேற்று வந்தவரின் கோப்பைத் திறந்து, பெயரை அழித்து, இன்று வந்தவரின் பெயரைத் தட்டுகிறார்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில் நேற்றையவரின் அடையாள அட்டை இலக்கம் அப்படியே கிடக்கும்.

வார்ப்புருவில் யாருடைய விவரமும் இருக்கக் கூடாது. மாறாத வாசகங்களும் 'பெயர்', 'அடையாள அட்டை இலக்கம்', 'தோட்டம்', 'பிரிவு' என்று பெயரிட்ட வெற்றிடங்களும் மட்டுமே இருக்க வேண்டும். ஆட்களின் விவரம் எக்செல் அட்டவணையில், ஒருவருக்கு ஒரு வரியாகத் தனியே இருக்கும். வேர்டில் உள்ள 'மெயில் மேர்ஜ்' வசதி அந்த வரியை எடுத்து வெற்றிடங்களில் வார்க்கும். ஒருமுறை சரிபார்த்துத் தட்டிய பெயர், அந்த அட்டவணையோடு இணைத்த எல்லாப் படிவங்களிலும் எழுத்து மாறாமல் விழும்.

மலையகத்தில் இது சிறிய விடயமல்ல. பிறப்புச் சான்றிதழில் 'இராமாயி', அடையாள அட்டையில் 'ராமாயி' என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க அந்த வயதானவர் தோட்டத்து லயன் குடியிருப்பிலிருந்து மறுபடியும் பஸ் ஏற வேண்டும். அவர் கேட்பது ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம். இலக்கத்துக்கான இடமும் கவனத்துக்குரியது. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும்; 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்கள். வெற்றிடம் இரண்டுக்கும் இடம் தர வேண்டும்.

வார்ப்புருவை வேர்டிலிருந்து, அதைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸுக்குக் கொண்டுபோனால் அட்டவணையோடு உள்ள தொடர்பை மீண்டும் ஏற்படுத்த வேண்டியிருக்கும். அது எளிது. உண்மையான சிக்கல் பாமினி எழுத்துருதான். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் குறிகளே தெரியும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறையான யூனிகோடில் அட்டவணையும், பாமினியில் வார்ப்புருவும் இருந்தால், வார்த்த பெயரைத் தேடினால் கிடைக்கும். அதைச் சுற்றியுள்ள வாசகம் தேடலில் அகப்படாது.

ஆகவே பழைய பாமினிக் கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு வெற்றிடம் இடுங்கள். மாற்றும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவுசெய்யுங்கள். மாற்றும் மென்பொருள் எல்லா ஆங்கில எழுத்தையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இருந்த முகவரியின் ஒவ்வொரு சிறிய எம்மும் 'அ' ஆகிவிடும்.