நிவாரணப் பட்டியலில் விடுபடும் வீடுகள்

பேரிடர் உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் விடுபட்டார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பதுதான் மானிடவியலாளராக என் தொழில். இந்தத் துறைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் பார்பரா ஹாரெல்-பாண்ட். 1980-களில் தெற்கு சூடானில் உகாண்டா அகதிகளிடையே ஆய்வு செய்த அவர், அகதிக்குத் தன் காரியத்தைப் பார்க்கத் தெரியாது என்று உதவி நிறுவனங்கள் முடிவு கட்டிவிடுவதையும், பணம் கொடுக்கும் நாடுகளுக்கு மட்டும் கணக்கு ஒப்பிப்பதையும் கண்டித்து எழுதினார். அது இன்னும் பெரிதாக மாறவில்லை.

நம் பர்மாவையே பாருங்கள். 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தை அடித்தது. இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் சேர்ந்து சுமார் 1,38,000 பேர். வெளிநாட்டு உதவியாளர்களுக்கு விசா கொடுக்காமல் ராணுவ அரசு வாரக்கணக்கில் இழுத்தடிக்க, முதலில் சோறு போட்டவை புத்த மடாலயங்களும் ரங்கூனிலிருந்து சொந்தக் காசில் அரிசி மூட்டை ஏற்றிப்போன சாதாரண ஜனங்களும்தான். அப்புறம் வந்த நிறுவனங்கள் 'மிகவும் பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று பட்டியல் போட்டுக் கொடுத்ததைப் பல கிராமங்களில் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு வைத்தார்கள். அதிகாரிகளுக்கு அது முறைகேடு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் நிறுவனம் கிளம்பிப்போன பிறகும் நாற்று நடவும் கைமாற்று கேட்கவும் பக்கத்து வீட்டுக்காரர்தானே இருக்கிறார். ஆனால் சமப்பங்கில் நிலமில்லாத கூலிக்காரருக்கும் துணையில்லாத பெண்ணுக்கும் போதிய அளவு கிடைக்காது என்பதும் உண்மை.

பர்மாத் தமிழர்களான நாம் விடுபடுவது வேறு விதம். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் குடும்பங்களில் பலருக்கு முழுக் குடிமகனுக்கான ரோஸ் அட்டை இல்லை, அதற்குக் கீழ்நிலைக் குடியுரிமைக்கான நீலமோ பச்சையோதான். சிலருக்கு எதுவுமே இல்லை. அட்டை எண்ணை வைத்துக் கணக்கெடுத்தால் அவர்கள் பெயர் ஏறாது. ஒரே கூரையின்கீழ் மூன்று உலை வைக்கும் கூட்டுக் குடும்பமும் ஒரே வீடாகிவிடும்.

கணக்கெடுக்க வருபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: பட்டியலை யார் போட்டது, புகாரை யாரிடம் கொடுப்பது? புகாரைக் கேட்டுப் பதில் சொல்வது உலக அளவில் உதவி நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட கடமை. நெருக்கடியிலும் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று ஓர் அளவுகோலும் இருக்கிறது, அதையும் கேட்கலாம்.

கோயில் கமிட்டிகள் புயல் காலத்துக்கு முன்பே தெருவாரியாக ஒரு பட்டியல் எழுதி வைத்தால் நல்லது. எத்தனை உலை, எத்தனை வயதானவர்கள், யார் கர்ப்பிணி என்பது போதும். அட்டை நிறத்தையும் எண்ணையும் மட்டும் அதில் எழுதாதீர்கள், அந்தத் தாள் யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம்.