மருந்துப் போத்தலில் பெயர் இல்லாத பயிர்கள்: சிறு செய்கையாளருக்குரிய பாதுகாப்பு விதிகள்

யாழ்ப்பாணத்தில் பத்துப் பரப்புத் தோட்டம் வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் ஒரே பயிர் இருப்பதில்லை. நடுவில் வெங்காயமோ மிளகாயோ நிற்க, வேலியோரம் முருங்கையும் பந்தலில் திராட்சையும் கொட்டிலில் இரண்டு மாடும் சேர்ந்தே ஒரு குடும்பத்தின் வருமானமாகின்றன. இத்தகைய கலப்புத் தோட்டத்துக்குள் நோய் நுழையாமல் காப்பதும், அங்கிருந்து வெளியே போகும் உணவு நஞ்சற்றதாக இருப்பதும் சட்டத்தின் பார்வையில் செய்கையாளருடைய பொறுப்புகளாகும். அப்பொறுப்பை நிறைவேற்ற அவர் அரசிடம் கேட்டுப் பெறக்கூடிய உதவிகளும் உள்ளன, எனினும் அவற்றைக் கேட்பவர்கள் குறைவு.

இலங்கையில் இவ்விடயம் ஒரே சட்டத்துக்குள் அடங்கவில்லை. பயிர்ப் பீடைகளும் நோய்களும் பரவுவதை 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும், கால்நடை நோய்களை 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டமும், பீடைநாசினிகளை 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமும், விற்பனைக்கு வரும் உணவை அதே ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் கவனிக்கின்றன. ஆகவே வெங்காயத்தின் நோய்க்கு விவசாயப் போதனாசிரியரையும், மாட்டின் காய்ச்சலுக்குக் கால்நடை வைத்தியரையும், வீட்டில் இடித்து விற்கும் மிளகாய்த்தூளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் நாட வேண்டியிருக்கிறது.

இவற்றுள் அதிகம் விளங்கிக்கொள்ளப்படாதது மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டு. அதில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, கடைசியாகத் தெளித்து எத்தனை நாள் கழித்து அறுவடை என்பன சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நாட்கணக்கு வயலில் செய்யப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு: குறித்த அளவில் மருந்தைத் தெளித்து, வெவ்வேறு நாட்களில் காயையோ இலையையோ பறித்து, அதில் எஞ்சியிருக்கும் நஞ்சை ஆய்வுகூடத்தில் அளந்து, அது பாதுகாப்பான எல்லைக்குள் இறங்கும் நாளைக் கண்டறிகிறார்கள். செலவு மிகுந்த இவ்வாராய்ச்சியை நெல், சோளம் போன்ற பெரும் பயிர்களுக்கு நிறுவனங்கள் தாமாகவே செய்யும். விற்பனை குறைந்த சிறு பயிர்களுக்குச் செய்ய முன்வருவதில்லை. இது உலகெங்கும் உள்ள சிக்கல். அவுஸ்திரேலியாவில் செய்கையாளரிடம் அறவிடும் தீர்வையோடு அரசும் பணம் சேர்த்துச் சிறு தொழில்களின் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறது. சிறு பயிர்களில் மருந்தைப் பயன்படுத்துவதற்குத் தனி அனுமதிப்பத்திரமும் உண்டு. கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவு நியம ஆணைக்குழு, ஒரு பயிரில் கண்ட முடிவை அதன் குழுவைச் சேர்ந்த ஏனைய பயிர்களுக்கும் விரிப்பதற்கான வழிகாட்டலை 2012 இல் ஏற்றுக்கொண்டது.

நம்மவர்களுக்கு இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. வெங்காயம் ஒரே தடவையில் கிண்டப்படுவதால், தெளித்தபின் பதினான்கு நாள் கழித்தே அறுவடை என்று சுட்டுத்துண்டு சொன்னாலும் பொறுத்திருப்பது இயலும். மிளகாயும் முருங்கையும் அப்படியல்ல. இன்று பறித்த மரத்தில் அடுத்த கிழமையும் பறிக்க வேண்டும். பதினான்கு நாள் இடைவெளியுள்ள மருந்தை இடையில் தெளித்தால், ஒரு பறிப்பை முழுதாகக் கைவிடுவதா அல்லது நஞ்சோடு மருதனார்மடச் சந்தைக்கு அனுப்புவதா என்ற கேள்வி எழும். ஆதலால் தன் பயிரின் பெயர் சுட்டுத்துண்டில் இல்லையெனில், மருந்துக் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பித் தெளிப்பதை விடுத்து, கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரைக் கேட்பதே முறை. முருங்கையின் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக் கிடக்கும் மயிர்க்கொட்டியைப் பந்தம் பிடித்துக் கருக்கும் பழைய வழக்கத்தில், மரத்தை நெருப்புச் சுடாமல் பார்த்துக்கொண்டால், காயில் எஞ்சும் நஞ்சு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நோய் நுழையும் வழிகளில் முதலாவது மண். உழவுக்கு வரும் லான்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் கலப்பையில் முந்தைய தோட்டத்துச் செம்மண் கட்டியாக ஒட்டியிருக்கும். அதனுள் வெங்காயத்தின் அடியழுகலை உண்டாக்கும் பூஞ்சணமும் இருக்கலாம். உழவு தொடங்குமுன் கலப்பையைச் சுரண்டிக் கழுவச் சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை, உழ வந்தவரின் முகம் சற்றுக் கோணும், அவ்வளவுதான். இரண்டாவது வழி பயணப்பெட்டி. பலாலிக்கு விமானமும், 2023 முதல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வரத் தொடங்கிய பின்னர், உறவினர் அன்போடு கொண்டுவரும் திராட்சைத் தடியும் மல்லிகைப் பதியமும் எளிதாக வந்துசேர்கின்றன. இறக்குமதி அனுமதியும் புறப்படும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் அவற்றைக் கொண்டுவருவது தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

மாட்டுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டால், வைத்தியர் சொல்லும் நாட்கள் முடியும் வரை அந்தப் பாலை விற்கக்கூடாது. ஒடியலையும் (காயவைத்த பனங்கிழங்கு) மிளகாயையும் வெறுந்தரையில் பரப்பாமல் உயர்த்திய தட்டில் காயவிட்டால் ஈரம் ஏறாது. ஈரம் நின்ற பொருளில் வளரும் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு சமைத்தாலும் முற்றாக அழிவதில்லை.

விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்குச் சிறு செய்கையாளரும் விண்ணப்பிக்கலாம். அதற்குத் தேவையானது முதலில் ஒரு கொப்பி: என்ன விதை, எங்கே வாங்கியது, எந்த நாளில் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது பறித்தது. கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் உரத்தின் நைத்திரேற்று விரைவாகக் கீழிறங்குவதால் இதைச் சடங்காக எண்ணக்கூடாது.

நோய் எதுவென்று தெரியாதபோது திணைக்களத்தின் பயிர்ச் சிகிச்சை நிலையத்துக்கு மாதிரி கொண்டுபோகலாம், கட்டணமில்லை. முற்றாகக் காய்ந்த செடி பயன்படாது. நோய் தொடங்கிய செடியொன்றையும் பாதி வாடியதொன்றையும் வேரோடும் மண்ணோடும் கிண்டி, பத்திரிகைத் தாளில் சுற்றி, அன்றைக்கே கொடுக்க வேண்டும். சொப்பிங் பையில் கட்டினால் வியர்த்து அழுகிவிடும். போக முடியாதவர்கள் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம், அழைக்கும்போது அந்தக் கொப்பி கையில் இருந்தால், கேட்கப்படும் முதல் கேள்வியான "கடைசியாக என்ன அடித்தீர்கள்?" என்பதற்கு உடனே பதில் சொல்லலாம்.