இரணியாவுக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியம் உண்டா?

வேட்டியைச் சற்றுத் தளர்த்திக் காட்டியபடியே கேட்டார்: "கத்தி வைக்காம சரி பண்ண முடியாதுங்களா?" வெங்காய மண்டியில் மூட்டை இறக்குகிறவர். இடுப்பில் மருந்துக் கடையில் வாங்கிய பெல்ட். மூன்று வருடமாகக் கட்டுகிறாராம். பெல்ட் அழுத்திய இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. அடியில் இருந்த வீக்கம் சின்ன எலுமிச்சையாக இருந்து மாங்காய் அளவுக்கு வந்திருந்தது.

குடலிறக்கம் என்று எழுதுகிறோம். ஊரில் அது இரணியா. (இரணியனுக்கும் இதற்கும் உறவில்லை. ஹெர்னியா என்ற லத்தீன் சொல் நம் நாக்கில் புரண்டு இப்படி ஆகியிருக்கிறது.) சைக்கிள் டயரில் ஓர் இடம் நைந்துபோனால் உள்ளே இருக்கும் டியூப் பிதுங்கும் அல்லவா, அதேதான். வயிற்றுச் சுவர் டயர், குடலும் கொழுப்பும் டியூப். இருமும்போதும் முக்கும்போதும் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போகும்.

கவட்டையில் வருவது ஆண்களுக்கு அதிகம். கருவில் வயிற்றுக்குள் உருவாகும் விரைகள் ஒரு பாதை வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்தப் பாதை பிற்பாடு பலவீனமான இடமாகிவிடுகிறது. ஆண்களில் நூற்றுக்கு சுமார் 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரும், பெண்களில் சுமார் 3 பேருக்கு.

சரி, ஓட்டையை மாத்திரை அடைக்குமா? அடைக்காது. லேகியமும் எண்ணெயும் உடற்பயிற்சியும் அடைக்காது. பெல்ட் நைந்த டயரின் மேல் துணி சுற்றுவது போலத்தான். ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு, வீக்கம் முழுதாக உள்ளே போகிற நிலையில், கொஞ்ச நாளைக்கு உதவலாம். குடலை உள்ளே தள்ளாமல் மேலேயே கட்டினால் ஆபத்து.

ஆனால் "ஆபரேஷன் இல்லாமல் குணமாகுமா" என்பது ஒரு கேள்வி, "இப்போதே ஆபரேஷன் வேண்டுமா" என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு என் பதில் பல நேரம் "வேண்டாம்". வட அமெரிக்காவில் வலி இல்லாத அல்லது லேசான தொந்தரவு மட்டும் இருந்த 720 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2006-இல் வெளியானது. ஆபரேஷன் செய்யாமல் காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசர நிலைக்குப் போனவர்கள் வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆகவே காத்திருப்பது முட்டாள்தனம் அல்ல. ஆனால் காத்திருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 10 வருடத்துக்குள் ஆபரேஷனுக்கே வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி கூடியதால். எழுபத்தைந்து வயதில் இதயநோயோடு வருகிறவரிடம் "ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள், போதும்" என்பேன். நாற்பது வயதில் மூட்டை தூக்குகிறவரிடம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இந்தக் கணக்கு பெண்களுக்குப் பொருந்தாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். தொடை ஆரம்பிக்கும் இடத்தில், கவட்டைக்குச் சற்றுக் கீழே, நெல்லிக்காய் அளவில் வரும் குடலிறக்கம் பெண்களுக்குத்தான், அதுவும் ஒல்லியான வயதான பெண்களுக்குத்தான், அதிகம். அதன் வாய் குறுகல், ஓரங்கள் விறைப்பு. குடல் நுழைந்தால் எளிதில் சிக்கிக்கொள்ளும். வீட்டில் அதை "நெறி கட்டியிருக்கு" என்று விட்டுவிடுவார்கள். அந்த இடத்தைக் காட்டக் கூச்சம் வேறு. வாந்தியும் வயிற்று உப்புசமுமாக வருகிற பாட்டிக்கு இரண்டு நாள் கேஸ் மாத்திரை கொடுத்து, மூன்றாம் நாள் சேலையை விலக்கிப் பார்த்தபோது கட்டி தெரிந்த கதையை அறுவை மருத்துவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். சில நேரம் அதற்குள் குடல் அழுகியிருக்கும். தொடை இறக்கத்தில் காத்திருத்தல் கிடையாது. கண்டுபிடித்தவுடன் ஆபரேஷன்தான்.

குழந்தைகளிடம் கதை இரண்டாகப் பிரியும். தொப்புள் பிதுங்கியிருந்தால் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். மூடுவது நாணயத்தால் அல்ல, நாணயத்தால் வருவது புண். ஆனால் கவட்டையில் வீக்கம் என்றால் அது தானாக மூடாது, கைக்குழந்தைக்குச் சிக்கும் அபாயமும் அதிகம். சீக்கிரம் சின்ன ஆபரேஷன் தேவை. பெரியவர்களுக்கு ஓட்டையில் வைப்பது போல் அதற்கு வலை எதுவும் வைப்பதில்லை.

நெஞ்செரிச்சலோடு எண்டோஸ்கோபி எடுத்தவர்கள் ரிப்போர்ட்டில் 'ஹயாட்டஸ் ஹெர்னியா' என்று பார்த்துப் பயந்து வருகிறார்கள். இரைப்பையின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் துளை வழியாக நெஞ்சுப் பக்கம் ஏறுவது அது. பெரும்பாலானவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து, இரவு உணவை முன்கூட்டிச் சாப்பிடுவது, எடை குறைப்பது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, இவையே போதும். சிசேரியன் தழும்பில் வரும் வீக்கம் அப்படியல்ல. அது வளரத்தான் செய்யும்.

எந்த வகையானாலும், வழக்கமாக உள்ளே போகும் கட்டி போகாமல் கல் மாதிரி இறுகி வலித்தால், கூடவே வாந்தி வந்தால், வாயு பிரியாமல் நின்றால், அது மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம். பலம் கொண்டு அழுத்தாதீர்கள். எதுவும் சாப்பிடாமல் ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

"நெட் வைக்கிறாங்களாமே?" என்பது அடுத்த பயம். பழைய முறையில் ஓரங்களை இழுத்துத் தைத்தார்கள். இழுத்த இடம் மறுபடி கிழிந்தது. இப்போது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த வலையை வைத்தால் அதன் கண்களுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்கிறது, திரும்ப வருவது குறைந்திருக்கிறது. ஒன்றை மறைக்கக் கூடாது: நூற்றில் பத்துப் பேர் வரை ஆபரேஷனுக்குப் பிறகும் நீடிக்கும் வலியைச் சொல்கிறார்கள். தொந்தரவே இல்லாதவரை நான் அவசரப்படுத்தாததற்கு இதுவும் காரணம். இரண்டு பக்கமும் இருந்தாலோ, திறந்து செய்தது மறுபடி வந்தாலோ லேப்ராஸ்கோபி (சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) நல்லது. அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும். அதைத் தாங்காதவருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே திறந்து செய்யலாம்.

மண்டிக்காரரை உடனே படுக்க வைக்கவில்லை. பீடி இருமல் வயிற்றை உலுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் பீடியை விட்டுவிட்டு வரச் சொன்னேன், வந்தார். (ஐம்பதைத் தாண்டியவர்களிடம் சிறுநீர் முக்கிப் போகிறதா என்றும் கேட்போம். அப்படி முக்க வைக்கும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்தைக் கவனிக்காமல் ஓட்டையை அடைத்துப் பயன் குறைவு.) ஆபரேஷன் அன்று மாலையே நடந்தார். வீட்டுக்குப் போகும்போது மேஸ்திரியிடம் காட்ட ஒரு சீட்டு கேட்டார். இங்கிலீஷில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால், "ஆறு வாரத்துக்கு மூட்டை தூக்கக் கூடாது" என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.