போட்ட மெழுகை ஏன் சுரண்டி எடுக்கிறோம்?

கனடாவின் விஸ்லர் மாதிரி பெரிய பனிச்சறுக்கு மலைகளில் சரிவு முடிந்து பாதை கிட்டத்தட்ட சமதளமாகிவிடும் இடங்கள் உண்டு. காலுக்கொரு பட்டையாக ஸ்கீ போடுகிறவர்கள் கையில் இருக்கும் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஸ்னோபோர்டில் நிற்பவருக்குக் கோல் கிடையாது, இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருக்கும், வேகம் தீர்ந்தால் குனிந்து பின்காலைக் கழற்றி ஒற்றைக் காலால் உந்தி உந்தித்தான் போக வேண்டும். பலகையின் அடிப்பக்கத்துக்கு, அதாவது பேஸுக்கு, மெழுகு போட்டோமா இல்லையா என்பது அந்த இடத்தில்தான் உடம்புக்குத் தெரியும். நன்றாக வழுக்கும் பேஸுக்கு உராய்வுக் குணகம், அதாவது உரசல் எவ்வளவு என்று காட்டும் எண், சுமார் 0.05 என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறக்கம் இருந்தாலே மெதுவாகப் போகிறவர் நிற்காமல் போய்க்கொண்டிருக்கலாம். பேஸ் காய்ந்துபோய் அது 0.1 ஆகிவிட்டால் 10 மீட்டர் இறக்கம் வேண்டும்.

சரி, பனிமேல் பலகை ஏன் வழுக்குகிறது? நம் எடை அழுத்துவதால் பனி உருகி, அந்தத் தண்ணீரில் வழுக்குகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கணக்குப் போட்டால் அது நிற்காது. 80 கிலோ ஆளின் எடை 0.3 சதுர மீட்டர் பலகையில் பரவினால் வருவது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு. பனியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்கவே வளிமண்டல அழுத்தத்தைப்போல 130 மடங்குக்கு மேல் தேவை. பலகை பனித்துகள்களின் முனைகளை மட்டும்தான் தொடுகிறது, அதனால் அங்கே அழுத்தம் கூடும் என்பது உண்மைதான், ஆனாலும் மைனஸ் 15 டிகிரியில் அது போதாது.

சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக்கில், 3,000 மீட்டருக்கு மேலே, பனிக்குள் குடைந்த குகையில் பௌடன், ஹியூஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதைச் சோதித்து 1939-ல் வெளியிட்டார்கள். உலோகத்தைவிட எபோனைட் என்ற கடின ரப்பர் நன்றாக வழுக்கியது. காரணம் வெப்பம். உரசும்போது பிறக்கும் சூட்டை உலோகம் உடனே உறிஞ்சி இழுத்துக்கொள்கிறது, ரப்பர் அந்தச் சூட்டைத் தொடும் இடத்திலேயே விட்டுவைக்கிறது, அந்தச் சூடுதான் பனியின் மேல்தோலை உருக்கி மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. குளிர் மிகவும் கடுமையானால் படலம் உருவாக வழியில்லை. 1911-ல் அண்டார்டிகாவில் தென்துருவம் தேடிப் போன ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த மூவர் நடுக்குளிர்காலத்தில், மைனஸ் 50 டிகிரி அளவுக் குளிரில், ஸ்லெட்ஜ் என்ற பனிச்சறுக்கு வண்டியை இழுத்தபோது மணலில் இழுப்பது போலத்தான் இருந்தது.

தண்ணீர் குறைந்தால் உரசல். கூடினாலும் சிக்கல். ஈரத் தரையில் வைத்த எவர்சில்வர் தட்டைத் தூக்கிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வராது. மார்ச், ஏப்ரல் மாத ஈரப்பனியில் பலகையின் அடியும் அப்படித்தான் பிடித்து இழுக்கும். மெழுகின் வேலையே இந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீரைச் சரியான அளவில் வைத்திருப்பதுதான். எண்ணெய் போல வழவழப்பு தருவது என்று நினைத்தால் மற்றது எல்லாமே குழம்பிவிடும்.

பேஸ் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். விலை குறைந்த பலகைகளில் உருக்கித் தகடாகப் பிழிந்தது, நல்ல பலகைகளில் மூலக்கூறு மிக நீளமான வகையின் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கி உருளையாக்கி அதிலிருந்து சீவி எடுத்தது. இந்த இரண்டாவது வகையைச் சின்டர்டு என்பார்கள். அதில் ஸ்பாஞ்சு மாதிரி துளைகள் இருக்கின்றன, மெழுகு அதற்குள் நிரம்புகிறது என்று கடைகளில் சொல்வார்கள். படம் பார்க்க எளிது, ஆனால் உண்மை அதைவிட அழகு. பாரஃபின் மெழுகும் பாலிஎத்திலீனும் ஒரே குடும்பம். இரண்டுமே கார்பன் சங்கிலிகள்தான், மெழுகில் இருபது முப்பது கார்பன், பேஸில் லட்சக்கணக்கில். பேஸுக்குள் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்படாமல் தாறுமாறாகக் கிடக்கும் பகுதிகள் உண்டு, சூடாக்கும்போது அவை நெகிழ்ந்து கொடுக்க, மெழுகு மூலக்கூறுகள் அங்கே கரைந்து நுழைகின்றன.

அதனால்தான் இஸ்திரிப்பெட்டி. மெழுகுக் கட்டியை இஸ்திரியின் அடியில் சாய்த்துப் பிடித்தால் சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழும், அப்புறம் இஸ்திரியை நிறுத்தாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். இஸ்திரிக்குப் பின்னால் உருகிய மெழுகின் ஈரப் பளபளப்பு ஒரு வால் மாதிரி கொஞ்ச தூரம் வந்து மங்கினால் வேகம் சரி. புகை வந்தால் சூடு அதிகம். பேஸ் உருகுவதே 130 டிகிரிக்குச் சற்று மேலேதான், அதனால் ஒரே இடத்தில் இஸ்திரியை வைத்துவிட்டு ஃபோனை எடுக்கப் போகாதீர்கள், பேஸ் வெந்துவிடும். மறுபக்கம் கைவைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆறியதும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்ட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மனசு கேட்காமல் பாதியை விட்டுவிடுவார்கள், காசு கொடுத்து வாங்கிய மெழுகாயிற்றே. ஆனால் வேலை செய்வது உள்ளே நுழைந்த மெழுகுதான். மேலே மிஞ்சிய படலத்தில் பனித்துகள்கள் குத்தி நிற்கும், அழுக்கு ஒட்டும், முக்கியமாக பேஸில் கல்லால் செதுக்கிய நுண்ணிய வரிகளை அது மூடிவிடும். கூடுதல் தண்ணீர் வழிந்து போவதும் காற்று நுழைந்து, ஈரப்பனி பலகையைப் பிடித்து இழுக்கும் அந்த உறிஞ்சலை உடைப்பதும் அந்த வரிகளின் வழியாகத்தான். அதனால்தான் சுரண்டிய பிறகு முனையிலிருந்து வால் வரை பித்தளை பிரஷ், அப்புறம் நைலான் பிரஷ். வெள்ளைத் தூளாக மெழுகு வந்துகொண்டே இருக்கும், அது நிற்கும்வரை தேயுங்கள்.

எந்த மெழுகு என்பது குளிரைப் பொறுத்தது. கனடாவின் ராக்கி மலைகளில் இருக்கும் லேக் லூயிஸ் பக்கம் மைனஸ் 20-ல் பனித்துகள்கள் உப்புத்தாள் மாதிரி கடினமாகவும் கூர்மையாகவும் இருக்கும், மென்மையான மெழுகை அவை கீறிவிடும், அங்கே கடின மெழுகு. கடலோர விஸ்லரின் ஈரப்பனிக்கு மென்மையான, நீரை ஒதுக்கும் மெழுகு. நீரை ஒதுக்குவதில் ஃபுளோரின் கலந்தவைக்கு இணை இருந்ததில்லை, ஆனால் அந்த வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் மெழுகு போடுகிறவர்களின் ரத்தத்திலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன. சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அவற்றை முழுக்கத் தடை செய்தது சரியான முடிவு. வார இறுதியில் மலைக்குப் போகிற நமக்கு அது தேவையும் இல்லை.

உலோக விளிம்பை ஒட்டி பேஸ் சாம்பல் பூத்தாற்போல வெளுத்திருந்தால் அது காய்ந்துவிட்டது, அடுத்த நாளுக்குக் காத்திருக்காமல் மெழுகு போடுங்கள். பருவம் முடிந்து பலகையை உள்ளே வைக்கும்போது மட்டும் தடிமனாகப் போட்டு, சுரண்டாமல், விளிம்புகளையும் மூடி அப்படியே விட்டுவிடுங்கள். நவம்பரில் முதல் பனி விழுந்ததும் சுரண்டிக்கொள்ளலாம்.