‘05’ என்று தொடங்குவது பதிவு எண் அல்ல: ஐரோப்பாவுக்கு வேதிப்பொருள் அனுப்புவோர் கவனத்திற்கு

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலைகளில் தோலை மென்மையாக்கப் பயன்படும் எண்ணெய்க் கலவையான ஃபேட்லிக்கர் தயாரிக்கும் சிறு தொழிற்சாலையின் உரிமையாளர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்பு, கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றைத் துணிப்பையில் வைத்து என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். நீலப் பின்னணியில் பன்னிரண்டு தங்க நட்சத்திரங்கள், நடுவில் ‘ரீச் கம்ப்ளையன்ஸ் சர்டிஃபிகேட்’ என்ற பெரிய எழுத்துகள், கீழே வட்ட முத்திரை. அவருடைய இத்தாலிய வாடிக்கையாளர் பதிவு எண்ணைக் கேட்டு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். மூன்று முறையும் இவர் அந்தச் சான்றிதழின் நகலையே பதிலாக அனுப்பியிருக்கிறார். பிறகு ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். லேபிள் ஒட்டிய டிரம்கள் கிடங்கிலேயே நின்றன. சான்றிதழில் எண் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது 05 என்று தொடங்கியது.

அந்த இரண்டு இலக்கங்களைப் பார்த்த உடனேயே விஷயம் புரிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் ஒழுங்குமுறை, அதாவது வேதிப்பொருள்களைப் பதிவு செய்யச் சொல்லும் 1907/2006 என்ற எண் கொண்ட சட்டம், 2007 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே சந்தையில் இருந்த வேதிப்பொருள்களுக்கு அவகாசம் தருவதற்காக, 2008 ஜூன் 1 முதல் டிசம்பர் 1 வரை கட்டணமில்லாத முன்பதிவு ஒன்றை அனுமதித்தார்கள். அந்த ஆறு மாதங்களில் 27 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள் குவிந்தன. அவற்றுக்குத் தரப்பட்ட எண்கள்தான் 05 என்று தொடங்குபவை. ‘பிறகு பதிவு செய்வேன்’ என்று பெயர் கொடுத்து வைத்ததற்கான அடையாளம் அது. அதற்கு மேல் எந்த உரிமையும் அதில் இல்லை. முழுப் பதிவுக்கான கெடுக்கள் அளவைப் பொறுத்து 2010, 2013, 2018 என்று வரிசையாக வந்து, 2018 மே 31 அன்று கடைசிக் கெடுவும் முடிந்துபோனது. 2020 தொடக்கத்திலிருந்து முன்பதிவு எண்களுக்கு எந்த மதிப்பும் கிடையாது. உண்மையான பதிவு எண் 01 என்றுதான் தொடங்கும். கட்டணமே இல்லாத ஒன்றுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதையே கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்த இடைத்தரகரை நம்பி, அந்த மனிதர் பத்தாண்டுகளுக்கும் மேல் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

இன்றும் இத்தகைய ‘சான்றிதழ்கள்’ புழக்கத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெல்சிங்கியில் இயங்கும் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை ‘ரீச் சான்றிதழ்’ என்று எதையும் வழங்குவதில்லை. ஆவணத் தொகுப்பு முழுமையாக இருந்து, கட்டணமும் செலுத்தப்பட்டால், ஒரு முடிவுக் கடிதமும் பதிவு எண்ணும் தருகிறது. பொருள் பாதுகாப்பானது என்று அந்த முகமை எங்கும் கையெழுத்திடுவதில்லை. முன்பு ஒரு பொருள் தீங்கானது என்பதை அரசு நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது, அதைப் பாதுகாப்பாகக் கையாள முடியும் என்பதைத் தரவுகளோடு காட்டும் பொறுப்பு தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் ஆகியோரின் தோளில் வைக்கப்பட்டிருக்கிறது. தரவு இல்லையேல் சந்தை இல்லை என்பதுதான் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்வது.

இதிலிருந்து பிறக்கும் ஒரு விளைவை நம்மவர்கள் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பதிவு பொருளுக்கு உரியது அல்ல. குறிப்பிட்ட ஒரு நிறுவனம், குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளை, குறிப்பிட்ட ஓர் அளவு வரம்புக்குள் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு உரியது. “இந்தப் பொருள் ஏற்கெனவே ரீச்சில் இருக்கிறதே சார், முகமையின் இணையதளத்திலேயே பார்த்தேன்” என்று சொல்லும் தொழில்முனைவோரை மாதத்துக்கு ஒருவரையாவது சந்திக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓட்டுநர் உரிமம் இருப்பதால் நாம் வண்டி ஓட்டிவிட முடியாது. பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் பதிவு செய்த நிறுவனத்தை அடையாளம் காட்டுபவை. வேறொருவரின் பாதுகாப்புத் தரவுத் தாளிலிருந்து எண்ணை நகலெடுத்து ஒட்டினால், அந்த நான்கு இலக்கங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

பதிவு செய்ய வேண்டியவர் யார்? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும். ஆண்டுக்கு ஒரு டன் அல்லது அதற்கு மேல் என்ற அளவை எட்டினால் கடமை தொடங்கிவிடுகிறது. ராணிப்பேட்டையிலோ கடலூரிலோ இருக்கும் நிறுவனம் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. அதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, அங்குள்ள ஒவ்வொரு இறக்குமதியாளரும் தன் பெயரில் பதிவு செய்துகொள்வது. மற்றது, எட்டாம் பிரிவின்படி நாம் அங்கே ஒரு பிரதிநிதியை நியமித்து, இறக்குமதியாளர்களின் கடமையை அவர் ஏற்கச் செய்வது. தொழில் வட்டாரத்தில் இவரை ‘ஓஆர்’, அதாவது ஒன்லி ரெப்ரசென்டேட்டிவ் என்பார்கள். முதல் வழியில் செலவு வாடிக்கையாளருடையது. ஆனால் நம் கலவையில் என்ன இருக்கிறது என்பதை அவரிடம் திறந்து காட்ட வேண்டும், பதிவும் அவர் கையில் இருக்கும், நாளை அவர் வேறு நாட்டிலிருந்து வாங்கத் தொடங்கினால் நமக்கு எதுவும் மிஞ்சாது. இரண்டாம் வழியில் செலவு நம்முடையது, சூத்திரமும் சந்தையும் நம்மிடமே இருக்கும். அங்குள்ள வாடிக்கையாளர்கள் இறக்குமதியாளர் என்ற நிலையிலிருந்து பயனாளர் என்ற நிலைக்கு மாறிவிடுவார்கள். மூன்று வாடிக்கையாளர்களுக்கு மேல் இருந்தால் ஓஆர் வழிதான் நல்லது என்பது என் கருத்து. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று இறக்குமதியாளர்கள் ஆளுக்கு 900 கிலோ இறக்கினால் அவர்களில் எவருக்கும் பதிவுக் கடமை இல்லை. ஓஆர் வழியாகச் சென்றால் மூன்றும் கூட்டப்பட்டு 2.7 டன் ஆகிவிடும்.

சென்னையில் இருக்கும் மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர்கள் வழியாகச் சரக்கை விற்கும் சிறு உற்பத்தியாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருளைத் தயாரிப்பவர், கலவை உருவாக்குபவர், ஆடை போன்ற பண்டம் உற்பத்தி செய்பவர் ஆகியோருக்கு மட்டுமே ஓஆர் நியமிக்கும் உரிமை உண்டு. வாங்கி விற்கும் வணிகருக்கு அந்த உரிமை இல்லை. “பதிவையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று வணிகர் சொன்னால், யார் பெயரில், எந்த எண்ணில் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி டிரம்முக்குள் வருவோம். சட்டம் டிரம்மை எண்ணுவதில்லை; அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வேதிப்பொருளையும் தனித்தனியே எண்ணுகிறது. ராணிப்பேட்டைக்காரர் ஆண்டுக்கு 20 டன் ஃபேட்லிக்கர் அனுப்பினார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 30 விழுக்காடு தண்ணீர், அது விலக்குப் பட்டியலில் இருப்பது. 45 விழுக்காடு சல்பேட் செய்யப்பட்ட மீன் எண்ணெய், ஆக 9 டன். 15 விழுக்காடு மினரல் ஆயில், 3 டன். 10 விழுக்காடு எமல்சிஃபையர், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்திருக்கச் செய்யும் பொருள், 2 டன். ஒரே பொருள் என்று அவர் நினைத்திருந்தது மூன்று பதிவுகளாக விரிந்தது. மினரல் ஆயிலும் எமல்சிஃபையரும் அவர் வெளியில் வாங்குபவைதான் என்றாலும், ஐரோப்பிய எல்லையைக் கடக்கும்போது அவையும் கணக்கில் வரும். விற்பனை 23 டன்னாக உயர்ந்தாலே மீன் எண்ணெய்ப் பொருள் 10 டன்னைத் தாண்டி அடுத்த வரம்புக்குப் போய்விடும். அங்கே கூடுதல் சோதனைத் தரவுகளும் வேதிப்பொருள் பாதுகாப்பு அறிக்கையும் கட்டாயம். விற்பனைப் பிரிவு பெரிய ஆர்டரைக் கொண்டாடும் வேளையில் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. சாயப் பொடி அனுப்புவோருக்கு இதே கணக்கு சாதகமாகவும் அமையலாம், ஏனென்றால் வீரியத்தைச் சீர்படுத்துவதற்காகச் சேர்க்கும் உப்பு சாயத்தின் எடையில் சேராது.

விலக்குகளில்தான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். ‘இயற்கைப் பொருள், ஆகவே பதிவு தேவையில்லை’ என்பது பாதி உண்மை மட்டுமே. ஆமணக்கெண்ணெய்க்கு விலக்கு உண்டு. ஹைட்ரஜனேற்றம் செய்த ஆமணக்கெண்ணெய் வேதிமாற்றம் அடைந்தது என்பதால் அதற்கு இல்லை. நீலகிரித் தைலம் வெறும் நீராவியில் வடித்தெடுக்கப்பட்டதுதான், ஆனால் எளிதில் தீப்பற்றும் திரவம் என்ற வகைப்பாட்டுக்குள் வருவதால் அந்த விலக்கை இழந்துவிடுகிறது. பாலிமர்களுக்குப் பதிவு தேவையில்லை என்பதும் அப்படித்தான். பாலிமரில் வேதிப்பிணைப்பில் இருக்கும் மோனோமர், அதாவது பாலிமரை உருவாக்கும் அடிப்படை அலகு, எடையில் 2 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்து, அந்த மோனோமரின் அளவும் ஆண்டுக்கு ஒரு டன்னை எட்டினால், விநியோகச் சங்கிலியில் முன்னே உள்ள எவரும் பதிவு செய்திராத நிலையில், அதைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கும் முன்பாக, நாம் பாலிமர் என்று சொல்வது சட்டத்தின் வரையறைப்படி பாலிமர்தானா என்பதை ஜிபிசி எனப்படும் ஜெல் பெர்மியேஷன் குரோமட்டோகிராஃபி சோதனையில் மூலக்கூறு எடைப் பரவலைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தோல் பதனிடப் பயன்படும் செயற்கைப் பொருளான சின்டானின் தயாரிப்பாளர்கள் பலர் இதைச் செய்யாமலேயே ‘பாலிமர், விலக்கு’ என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் அடித்தளம், நம் பொருள் இன்னதென்று நமக்கே தெரிந்திருப்பது. ஒரே கூறு 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் ஒரு பெயர். பல கூறுகள் 10 முதல் 80 விழுக்காட்டுக்குள் இருந்தால் வேறு பெயர். மீன் எண்ணெய் போல, கூறுகள் மாறிக்கொண்டே இருக்கும் பொருளுக்கு அதன் மூலப்பொருளையும் செய்முறையையும் வைத்துப் பெயர். இதை உறுதிசெய்ய நம் தொழிற்சாலையில் எடுத்த மாதிரியையே சோதிக்க வேண்டும்; நூல்களில் இருக்கும் நிறமாலை உதவாது. இந்தியாவில் 1989ஆம் ஆண்டு அபாயகரமான வேதிப்பொருள் விதிகள் உண்டு. 684 பொருள்களின் பட்டியலும் உண்டு. இறக்குமதிக்கு முன் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தன் பொருளின் உட்கூறுகளை நிறுவிக் காட்டும் பழக்கத்தை அவை உண்டாக்கவில்லை. அந்தப் பழக்கம் இல்லாததுதான் நம் சிறு தொழில்களின் பெரிய பலவீனம் என்று நினைக்கிறேன். கடன் வாங்கியாவது செய்ய வேண்டிய முதல் செலவு இந்தச் சோதனைதான்.

அடையாளம் உறுதியானதும், அதே பொருளை முன்பே பதிவு செய்தவர்கள் யார் என்று முகமையிடம் விசாரணை விண்ணப்பம் வழியாகக் கேட்க வேண்டும். முதுகெலும்புள்ள விலங்குகளின் மீது ஏற்கெனவே நடந்த சோதனையை மீண்டும் நடத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. தரவைப் பகிர்ந்துகொள்வது கட்டாயம். அதற்காக, அந்தப் பொருளின் கூட்டுப் பதிவை முன்னின்று நடத்தும் முதன்மைப் பதிவாளருக்குச் செலுத்தும் பங்குத் தொகைதான் ‘லெட்டர் ஆஃப் ஆக்சஸ்’. பேரம் பேசத் தயங்காதீர்கள். எந்தச் சோதனைக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நம் அளவு வரம்புக்குத் தேவையில்லாத தரவுக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை. மேலும், முகமையிடம் ஒப்படைத்து 12 ஆண்டுகள் கடந்த ஆய்வுச் சுருக்கங்களைப் பதிவுக்காக மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. 2010 கெடுவில் வந்த தரவுகளுக்கு 2022இலேயே அந்தக் காலம் முடிந்துவிட்டது. இதைத் தாமாகவே சொல்லும் முதன்மைப் பதிவாளரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

முகமைக் கட்டணத்தில் சிறு தொழில்களுக்குச் சலுகை உண்டு. ஓஆர் வழியாகச் சென்றால், அளவிடப்படுவது ஓஆரின் நிறுவனம் அல்ல, நம் நிறுவனமே. இணை நிறுவனங்களையும் பங்குதாரர்களையும் மறைத்துச் சலுகை பெற்றால், சரிபார்ப்பில் மாட்டும்போது மீதிக் கட்டணத்தோடு தண்டத் தொகையும் சேர்ந்து வரும். ஓஆர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வரியைக் கட்டாயம் தேடுங்கள்: நாம் ஓஆரை மாற்ற விரும்பினால், பதிவைப் புதியவருக்கு மாற்றிக்கொடுக்க அவர் ஒப்புக்கொள்கிறாரா? சட்டத்தின் பார்வையில் பதிவு ஓஆரின் பெயரில் இருப்பதால், அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் நாம் பணயக்கைதி ஆகிவிடுகிறோம்.

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களும் ‘ரீச் பதிவு’ கேட்டு அலைகின்றன. ஆடை என்பது பண்டம். வேண்டுமென்றே பொருளை வெளியிடும்படி வடிவமைக்கப்படாத பண்டத்துக்குப் பதிவு தேவையில்லை. அங்கே வாங்குவோர் கேட்பது வேறு: மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் இருப்பது எதுவும் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா, தடைசெய்யப்பட்ட அசோ சாயங்களிலிருந்து பிரியும் அமீன்கள் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்குள் உள்ளனவா என்பவை. பிரிட்டனுக்கு அனுப்புவோர் 2021 ஜனவரி முதல் அங்கே தனி ரீச் நடைமுறையில் இருப்பதையும், ஐரோப்பியப் பதிவு எண் அங்கே செல்லாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ராணிப்பேட்டை உரிமையாளர் இத்தாலியை ஓராண்டு இழந்தார். மீன் எண்ணெய்ப் பொருளுக்கும் எமல்சிஃபையருக்கும் ஓஆர் வழியாக 01 எண்கள் வந்தன. மினரல் ஆயிலுக்கு, ஐரோப்பாவில் பதிவான சரக்கையே ஆவணங்களோடு வாங்கிக் கலக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்; அது மீண்டும் ஐரோப்பாவுக்கே போவதால், மறு இறக்குமதிக்கான விலக்கு அதற்குப் பொருந்தியது. தரவுத் தாளில் அந்த எண்களைத் தானே தட்டச்சு செய்து, கடைசி நான்கு இலக்கங்களை விரலால் தொட்டு இரண்டு முறை சரிபார்த்தார். அவருடைய சின்டானுக்கான ஜிபிசி அறிக்கைக்காக இப்போது இருவரும் காத்திருக்கிறோம்.