பின்லாந்துப் பள்ளியில் மாணவர் பேச்சு எதுவரை எடுபடும்?

"பின்லாந்தில் பாடங்களையே எடுத்துவிட்டார்களாம்!" 2015ல் கிளம்பிய இந்தச் செய்தி இன்னும் யாராவது ஒருவர் ஃபார்வர்டு செய்து வந்துகொண்டுதான் இருக்கிறது. அது உண்மையில்லை. கணக்கு, இயற்பியல், வரலாறு எல்லாம் தனித்தனிப் பாடங்களாக அப்படியேதான் இருக்கின்றன.

2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் சொன்னது வேறு. ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது, பல பாடங்கள் சேர்ந்த ஒரு பொதுத் தலைப்பில் படிக்க வேண்டும். ஹெல்சிங்கி நகரம் அதை ஆண்டுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டது. அப்புறம், ஃபார்வர்டில் விட்டுப்போன முக்கியமான விஷயம்: அதைத் திட்டமிடும்போது மாணவர்களும் கூட இருக்க வேண்டும்.

ஒரு ஏழாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். "கோடையில் நம் ஏரியில் ஏன் குளிக்க விடுவதில்லை?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். காரணம் நீலப்பச்சைப் பாசி என்றால் உயிரியல், தண்ணீரைச் சோதித்தால் வேதியியல், கிடைத்த எண்களை வரைபடமாகப் போட்டால் கணக்கு. யாரிடம் விசாரிப்பது, கண்டுபிடித்ததை எப்படிக் காட்டுவது என்பதை ஆசிரியரும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசுகிறார்கள். என்ன கற்றிருக்க வேண்டும், எப்படி மதிப்பிடுவது என்பது மட்டும் ஆசிரியர் பொறுப்பு.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் அடிப்படைக் கல்விச் சட்டத்தில் 47அ பிரிவு. 2014 ஆகஸ்ட் முதல் ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளில் மாணவர் மன்றம் கட்டாயம். பாடத்திட்டம், பள்ளியின் ஒழுங்கு விதிகள் ஆகியவற்றைத் தயாரிக்கும்போது மாணவர்களுக்கும் அதில் பங்கெடுக்க வாய்ப்புத் தர வேண்டும். அவர்கள் வயதுக்கு ஏற்றபடி.

சரி, பிள்ளைகள் சொன்னால் நடந்துவிடுமா? இல்லை. கருத்துச் சொல்லும் உரிமைதான் அவர்களுடையது. பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் தருவது பள்ளியை நடத்தும் அமைப்பு, பெரும்பாலும் நகராட்சி. சட்டத்தின் பலவீனம் இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. தின்பண்டம் விற்று நிதி திரட்டுவதோடு ஒரு மன்றம் நின்றுவிட்டாலும், காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஹெல்சிங்கியிலோ பக்கத்து நகரமான எஸ்போவிலோ பிள்ளையைப் படிக்க வைக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. மாணவர்களோடு பெற்றோரின் கருத்தையும் சீரான இடைவெளியில் கேட்டறிய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பள்ளியும் பெற்றோரும் தொடர்புகொள்ளும் இணையதளமான வில்மாவில் பள்ளி ஏதாவது கருத்துக் கேட்டு அனுப்பினால், பின்னிஷ் மொழியில் இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்புங்கள். மொழி அவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாக வரும்.